வீட்டுப் பெட்டியின் இரு திறப்புகள்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்நோக்கியது இலக்கிய நயம் பற்றியதாகவே இருந்திருத்தல் கூடும். அத்துறையில் என்னினும் வல்லார் பலர் இம்மலரை அணிசெய்வர். நான் எழுதப் புகுவது, எங்கள் வீட்டு முன்விறாந்தைச் சுவரிலே, சுவாமி படங்களுக்கு ஒரு முழந் தள்ளித் தொங்கும் சிறு வெள்ளைப் பெட்டியொன்றைப் பற்றியாகும். இத்தகைய பெட்டி இன்று பழைய மாணவர் பலருடைய இல்லங்களிலும், கற்கும் மாணவர் பலருடைய இல்லங்களிலும் உண்டு. ஆயினும் அதனை வைத்திருப்போருள் அதன் உள்ளே புகுந்து பார்த்தவர் மிகச் சிலர். உடன் கற்பிக்கும் ஆசிரியர் சிலரிடம் உசாவினேன். "வந்தவன் பூட்டிவிட்டுப் போனான், அப்படியே கிடக்குது" என்னும் விடையே பெரும்பாலுங் கிடைத்தது. யந்திர நூல் யாதுங் கல்லாது, ஆசிரிய கலாசாலையிலே தமிழும் உளவியலும் பயின்று வெளிவந்த ஒருவன் அதனைத் திறந்து பார்த்த வரலாறு சிலருக்கேனும் பயன்படும் என்னுந் துணிவினால் இதனை வரைகின்றேன்.

ரவுட்டர் என்பது அதன் வழக்குப் பெயர். வழிப்படுத்தி என்று நம் நாட்டிலும், திசைவி என்று தமிழகத்திலும் எழுதுவர். இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும், ஆறு என்னுஞ் சொல்லுக்கு வழி என்றும் பொருளுண்டு என்பதை அறிந்த நம் மாணவர், பரிசில் பெற்று வரும் பாணன் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வள்ளலிடஞ் செல்லும் வழியைக் கூறும் நூல்வகையை ஆற்றுப்படை என வழங்குதலையும் அறிவர். பத்துப்பாட்டினுட் பாதி அவ்வகையினவே. இப்பெட்டி செய்யும் தொழிலும் அதுவே. வீட்டிலுள்ள கைபேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு செய்தித் துண்டையும் அதன்மேல் எழுதிய முகவரியை நோக்கி, இவ்வழியே செல்க என ஆற்றுப்படுத்துகின்றது. மீண்டு வருவதை, வீட்டில் யார் கேட்டாரோ அவர் கையிற் சேர்ப்பிக்கின்றது. என்னைக் கேட்டிருந்தால் ஆற்றுப்படுத்தி என்றே பெயரிட்டிருப்பேன். எவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு இது வந்தது 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில். கரும்பலகையை விட்டுக் கைபேசியின் முன் அமர்ந்து யாப்பிலக்கணம் கற்பித்த அந்நாள்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டா. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது பெட்டியும் உடன் உறங்கிற்று. அதன் மின்னேற்றியில் 12 வோல்ற்று என எழுதியிருந்தமை கண்டு, மோட்டார்ச் சைக்கிட் பற்றறியொன்றைக் கொண்டு மகன் அதனை விழிக்கச் செய்தான். சைக்கிட் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், ஜாம் போத்தல் விளக்கிற் படித்தும் வளர்ந்த எங்கள் வகுப்பாருக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

நிற்க. தொல்லை தொடங்கியது சென்ற ஆண்டில். எங்கள் இணைப்புக்கு மாதந்தோறும் ஓர் அளவு உண்டு. அவ்வளவு தீர்ந்தாற் பின் வேகம் நத்தையின் வேகமாகும். முன்னெல்லாம் மாத இறுதி வரை போதியது, திடீரெனப் பதினேழாம் பதினெட்டாந் திகதிகளிலே தீர்ந்துபோகலாயிற்று. எங்கள் வீட்டில் இதனால் முதலில் வருந்தியவர் என் தாயார். கனடாவிலுள்ள என் தமக்கையாருடன் அவர் நாள்தோறும் இரவு ஏழரை மணிக்கு முகம் பார்த்துப் பேசுவார். கோடை காலத்தில் அங்கே அது காலை பத்து மணி. எண்பதைக் கடந்தவருக்கு அந்த அரை மணி நேரமே ஒரு நாளின் பயன். "தம்பி, அக்காவின்ர முகம் கல்லாய் நிக்குது, குரல் மட்டும் வருகுது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு விடை இருக்கவில்லை. சேவை வழங்குவோருக்குத் தொலைபேசியிற் கூறினேன். உங்கள் வீட்டுப் பாவனைதான் கூடியிருக்கிறது என்று இன்சொல்லாற் கூறி முடித்தனர்.

மனைவிக்கு ஐயம் வேறிடத்தில். எங்கள் ஒழுங்கையின் முடக்கிலே மதகொன்று உண்டு. மாலை வேளையில் இளைஞர் நால்வர் ஐவர் அங்கே கூடியிருந்து தத்தம் கைபேசியிற் குனிந்திருப்பர். மழை தூறினாலும் எழார். வேறெங்கும் இருக்க இடமில்லாதவர் போல எங்கள் மதிற்கரையையே அவர்கள் தெரிந்துகொண்டதன் காரணம் யாது என்பது அவருடைய வினா. மறுபுறம், எங்கள் கிழக்கு வேலிக்கு அப்பால் ஒரு சிறு வீடு. தந்தையில்லாத ஒரு பெண்பிள்ளையும், தையல் வேலை செய்து அவளைப் படிப்பிக்கும் தாயும் அங்கு உளர். அப்பிள்ளை உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்கின்றாள். அவள் தாய் ஒருநாள் படலையில் நின்று, "மாஸ்ரர், பிள்ளை உங்கட வேலிக்கரையில இருந்துதான் படிக்கிறாள்; தம்பி நம்பர் குடுத்தவராம்; குறை நினையாதேங்கோ" என்று முன்பே என்னிடஞ் சொல்லியிருந்தார். ஆகவே அது எனக்குத் தெரிந்த ஒன்று. மதகிலிருப்போருக்குங் கொடுத்தாயா என மகனைக் கேட்டபோது அவன் ஒளிக்கவில்லை. "ஒருத்தனுக்குக் குடுத்தனான் அப்பா. அவன் மற்றவனுக்குக் குடுத்திருப்பான். கேக்கிறவனுக்கு இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இவ்வினாவுக்கு உடனே விடை கூறுதல் எளிதன்று. நம் ஊர்க் காணி உறுதிகளைப் படித்தவர்க்குத் தெரியும்: காணிக்குரிய நிலத்தோடு கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஒரு கிணற்றில் நால்வர்க்குப் பங்கு. இன்ன நாள் இன்னார் முறை. 1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து சென்ற இடத்திலே எத்தனையோ குடும்பங்கள் ஒரே கிணற்றில் அள்ளின. அள்ளாதே என்று அவ்வீட்டார் சொல்லவில்லை. ஆனால் முறையின்றி இறைத்தாற் சுண்ணாம்புக் கல்லின் கீழிருந்து உவர் ஏறி ஒருவர்க்கும் உதவாமற் போகும் என்பதையும் நம்மவர் அறிந்தேயிருந்தனர். முறை வைப்பதற்கு முதலிலே கிணற்றடியில் யார் யார் நிற்கின்றனர் என்பது தெரியவேண்டும். "உள்ளுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்" என்றான் மகன். "நீ செய்து தரவேண்டாம், செய்யும் முறையைச் சொல்லு, நான் செய்கிறேன்" என்றேன்.

முறை நான் அஞ்சியிருந்த அளவு கடினமன்று. பெட்டியின் அடியிலே ஓர் ஒட்டுத்தாள் உண்டு. அதில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். சில பெட்டிகளில் 192.168.0.1 என்றும், சிம் அட்டையில் இயங்குஞ் சிலவற்றில் 192.168.8.1 என்றும் இருக்கும். ஒட்டுத்தாள் அழிந்துபோனால், கைபேசியில் வைஃபை இணைப்பின் விவரத்தைத் திறந்து 'கேற்வே' என்னும் இடத்திற் பார்த்தால் அவ்வெண் கிடைக்கும். கணினியையோ கைபேசியையோ வீட்டு வைஃபையில் இணைத்துக்கொண்டு, உலாவியின் மேற்புறத்தே முகவரி எழுதுமிடத்தில் அவ்வெண்ணைப் புள்ளி பிசகாது எழுதவேண்டும். கீழே தேடுமிடத்தில் எழுதினால் வேறெங்கோ செல்லும். கைபேசியாயின் அதன் சொந்தச் சிம் இணைப்பை அவ்வேளையில் நிறுத்திவைத்தல் நன்று. அன்றேல் அவ்வழியாகத் தேடிக் காணாது திரும்பும். இவ்விணைப்புப் பாதுகாப்பற்றது என்று உலாவி சில சமயம் எச்சரிக்கும். நாம் பேசுவது நம் சுவரிலுள்ள பெட்டியோடு ஆதலால் அதன் பொருட்டு அஞ்சவேண்டா.

அவ்வெண்ணின் வரலாறு சுவையானது. இணையத்தின் பழைய முகவரி முறையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடி. உலகத்து மக்கட்டொகைக்கு அவை ஆளுக்கொன்றாகவும் போதா. ஆதலின், 192.168 எனத் தொடங்கும் தொகுதியையும் வேறிரு தொகுதிகளையும் வீட்டினுள்ளும் அலுவலகத்தினுள்ளும் மட்டும் வழங்குவதற்கென ஒதுக்கி 1996ஆம் ஆண்டில் விதி செய்தனர். எங்கள் வீட்டு 192.168.1.1 உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இரண்டும் தம்முள் முட்டா. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அம்மா இருப்பது போல என்று என் மகள் கூறினாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உவமை, பிழையன்று. வெளியுலகுக்கோ வீடு முழுவதும் ஒரே முகவரி. இதனால் விளையும் ஒன்றைப் பலர் எண்ணுவதில்லை: எங்கள் வைஃபையைக் கொண்டு மதகிலிருந்து ஒருவர் ஆகாத செயலொன்று செய்வாராயின், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது எங்கள் வீட்டிலிருந்து செய்யப்பட்டதாகவே தோன்றும். நம் நாட்டிற் கணினிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே, 24ஆம் இலக்கச் சட்டமாக வந்துவிட்டது.

எண்ணை எழுதியதும் வாயில் தோன்றிற்று. பெயரும் கடவுச்சொல்லுங் கேட்டது. இங்கேதான் இரு திறப்புகள் என்று தலைப்பிட்டதன் காரணம் வருகின்றது. வைஃபையில் இணைவதற்கு ஒரு சொல். பெட்டியின் உள்ளே புகுந்து அமைப்பை மாற்றுவதற்கு வேறொரு சொல். முன்னையது படலைத் திறப்பு, விருந்தினருக்குங் கொடுக்கலாம். பின்னையது பெட்டகத் திறப்பு. படலைத் திறப்பைக் காத்து வைத்திருப்போர் பலர் பெட்டகம் ஒன்று இருப்பதையே அறியார். பழைய பெட்டிகள் பலவற்றில் பெட்டகத்தின் பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். எங்களதும் அவ்வாறே இருந்தது. படலையைத் தாண்டிய எவரும் இரண்டு முறை அட்மின் என எழுதி வீட்டுக்காரர் ஆகிவிடலாம்.

இது வீட்டளவில் நின்றுவிடும் ஆபத்துமன்று. 2016ஆம் ஆண்டில் மிறாய் எனப்பட்ட தீச்செயலி ஒன்று, தொழிற்சாலையில் இட்டபடியே கிடந்த பெயரும் கடவுச்சொல்லுமாகிய சோடிகள் ஏறத்தாழ அறுபதை மட்டுங் கையிற் கொண்டு உலகெங்கும் கதவு தட்டிற்று. காவற் கமராக்களும் வீட்டு ரவுட்டர்களும் இலட்சக்கணக்கில் அதன் வயப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆந் திகதி அவற்றின் படையெடுப்பால் அமெரிக்காவிற் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல மணித்தியாலக் கணக்கிற் செயலற்றன. நவம்பர் இறுதியில் அதன் வழித்தோன்றல் ஒன்று வேறொரு துவாரம் வழியாகப் புக முயன்றதில், ஜேர்மனியில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வீடுகளின் இணைப்பு நின்றது. எளிதில் ஊகிக்கத்தக்க சொல்லை இட்டுப் பொருளை விற்றல் ஆகாது எனப் பிரித்தானியாவில் இயற்றிய சட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருமுன் வாங்கிய பெட்டிகள் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன.

உள்ளே புகுந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். பதின்மூன்று கருவிகள் இருந்தன. எங்கள் வீட்டிலுள்ளவை எல்லாங் கூட்டி எண்ணினும் ஏழு. அவற்றுள் தொலைக்காட்சியும் ஒன்று. எஞ்சிய ஆறில் ஒன்று வேலிக்கப்பாற் பிள்ளையுடையது என்பதை அதன் பெயரே சொல்லிற்று. நான்கு மதகிலிருந்தோருடையவை, அவர்கள் எழுந்து சென்ற இரவில் அவை பட்டியலிலிருந்து மறைந்தன. ஆறாவது யாருடையது என்பது இன்றுவரை தெரியாது. பகலிலும் இரவிலும் அது அங்கேயே இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒன்றுதான் என்னை உறங்கவிடவில்லை.

அன்றிரவு, தாயார் தமக்கையாரோடு பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்து, இரண்டு திறப்புகளையும் மாற்றினேன். படலைத் திறப்பை மாற்றியதும் இணைந்திருந்த கருவிகள் எல்லாம் ஒருங்கே அறுந்து வீழும். மாற்றியவனுடைய கருவியும் அவற்றுடன் வீழும். அதனைக் கண்டு கெட்டுவிட்டதென்று கலங்கவேண்டா. புதுச் சொல்லை எழுதினால் மீண்டும் வரும். அச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமலும் அறுபத்து மூன்றுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. தொலைபேசி எண்ணையும், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டையும் வைப்பதே நம்மவர் வழக்கம். ஊரார் அனைவரும் அறிந்த ஒன்றை இரகசியம் என்று கொள்வது எவ்வாறு? தம்முள் தொடர்பற்ற மூன்று நான்கு சொற்களை ஒன்றாகத் தொடுத்தல் நல்ல முறை. நீளமே அதற்கு வலிமை. வழக்கொழிந்துவரும் நம் கமக்காரக் கருவிப் பெயர்கள் சிலவற்றை ஆங்கில எழுத்தில் எழுதித் தொடுத்தேன். துலா, பட்டை என்று நீங்கள் எண்ணத் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: அவையல்ல.

அவ்விடத்திலேயே பாதுகாப்பு முறை என ஒன்று உண்டு. டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018இல் வந்தது. கருவிகள் அதனை ஏற்காவிடின் டபிள்யூ.பி.ஏ. 2 போதும். டபிள்யூ.ஈ.பி. என்னும் பழைய முறை இருக்குமாயின் அதனைக் கைவிடுக; அது கறையான் அரித்த கதவு. பொத்தானை அழுத்தியும் எட்டிலக்க எண் கொண்டும் இணையும் டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியின் ஓட்டை 2011ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது; அதனையும் நிறுத்திவிடுதல் நன்று. வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதி திறந்திருந்தால் அதனையும் மூடுக.

இணைப்பின் பெயரையும் மாற்றலாம் என்று கண்டபோது தமிழாசிரியனின் ஆசை எழுந்தது. யாழ்ப்பாணம் என்று எழுதினேன். பெட்டி ஏற்க மறுத்தது. காரணம் ஆராய்ந்ததில் ஓர் அழகிய கணக்கு வெளிப்பட்டது. பெயருக்கு விதித்த எல்லை 32 பைற்று. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றுப் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று வேண்டும். நம் இலக்கணத்தில் யாழ்ப்பாணம் ஆறெழுத்துச் சொல். ஆனாற் கணினிக்கு யகரம் ஒரு குறி, அதன் காலடி வேறொரு குறி. ழகரம் ஒரு குறி, அதன் புள்ளி வேறொரு குறி. இவ்வாறு எண்ணப் பதினொரு குறிகள். மும்மூன்றாக 33 பைற்று. ஒன்றே ஒன்று மிகை! மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என நாம் கற்பிக்கின்றோம். கணினியின் யூனிக்கோட் முறையோ அகர உயிர்மெய்யை முதலாக வைத்து, அதன் உயிரை நீக்குதற்குப் புள்ளியை ஒட்டுகின்றது. அடுத்த நாள் பத்தாம் வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். உயிர்மெய்ப் பாடத்தில் அன்றுபோல என்றும் அவர்கள் விழித்திருந்ததில்லை. பெட்டிக்கு முல்லை எனப் பெயரிட்டேன், 18 பைற்று.

இரண்டு முல்லைகள் உண்டு என்பதையுஞ் சொல்லவேண்டும். 2.4 கிகாஹேட்ஸ் அலை மெதுவானது. ஆனாற் சுவர்களைக் கடந்து தூரஞ் செல்லும். 5 கிகாஹேட்ஸ் அலை விரைவானது; சுவர் கண்டால் தளரும். எங்களது பழைய வீடு. சுவர்கள் ஒன்றரை அடி. பின்னறையில் இருக்கும் தாயாருக்கு முன்னையதும், விறாந்தையிற் படிப்போர்க்குப் பின்னையதும் என வகுத்தேன். முகம் கல்லாய் நிற்றல் பாதி இதனாலேயே நீங்கியது.

இனி வேலிக்கப்பால். திறப்பை மாற்றிய மறுநாட் காலையில், மதகுக்கு எதிராக வாதாடிய என் மனைவியே, "அந்தப் பிள்ளைக்கு மட்டும் குடுத்துவிடுங்கோ, பாவம் ராத்திரி வந்து பார்த்திட்டுப் போட்டுது" என்றார். அதற்கெனவே பெட்டியில் ஒரு வழி இருந்தது. விருந்தினர் இணைப்பு என்று வேறொரு பெயரும் வேறொரு திறப்புங் கொண்ட தனி வாயில் ஒன்றைத் திறக்கலாம். அதன் வழி வருபவர் வெளியே இணையத்துக்குச் செல்லலாம்; வீட்டினுள் இருக்கும் கணினியையும் பிற கருவிகளையும் காணார். வேகத்துக்கும் ஓர் எல்லை வைக்கலாம். வேலியில் நாம் விடும் பொட்டுப் போன்றது அது. படலையைத் திறந்து வைப்பதன்று. பாடக் காணொளி ஒன்று தடையின்றி ஓடுவதற்குப் போதிய வேகத்தை வைத்து, திறப்பைத் தாளில் எழுதிப் பிள்ளையிடங் கொடுத்தேன். "சேர், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள். நான் கேளாமலே சொன்னாள்.

மதகிலிருந்தோரிடம் நானே சென்றேன். திறப்பு மாறிவிட்டது, காரணம் இன்னது என்று கூறி, பரீட்சைக்குப் படிப்பவராயின் சனி ஞாயிறு மாலைகளில் எங்கள் விறாந்தைக்கு வரலாம் என்றேன். ஒருவர் முகம் திருப்பினார். இருவர் வந்தனர், பின் அவருள் ஒருவர் நின்றுவிட்டார். எஞ்சியவர் இன்றும் வருகின்றார். மதகு இப்போது பெரும்பாலும் வெறுமையாகவே உளது. அதைக் கண்டு மனைவி மகிழ்ந்த அளவு நான் மகிழ்ந்தேன் என்று சொல்லமாட்டேன்.

மாத அளவு இதன்பின் எத்துணை நீடித்தது என்பதே வியப்பு. இருபத்தாறாந் திகதி வரை. ஆறு கருவிகள் விலகியும் மாதம் நிறையவில்லை. எஞ்சிய குடியன் எவன் என ஆராய்ந்தபோது, அது கூடத்திலிருந்த எங்கள் தொலைக்காட்சியே என்று வெளிப்பட்டது. உயர்தரத் தெளிவில் ஓடும் படம் மணிக்கு 3 கிகாபைற்று வரை அருந்தும். ஒன்று முடிய மற்றொன்று தானே தொடங்கும். பார்ப்பவர் அடுக்களையில் இருப்பார். தெளிவை ஒரு படி குறைத்து, தானே தொடர்வதை நிறுத்தினோம். இப்போது மாத இறுதியில் மிச்சமும் உண்டு.

மகனுடைய இரவு பற்றியும் எழுதவேண்டும். இதனைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு அதுவே முதன்மையான விஷயமாக இருக்கும். எங்கள் திட்டத்தில் நள்ளிரவுக்குப் பிற்பட்ட வேளைக்குத் தனியே பெரியதோர் அளவு உண்டு. பகலிற் சிக்கனம், நள்ளிரவிற் செல்வம். ஆகவே, உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மகன், கடந்த கால வினாத்தாள்களையும் பாடக் காணொளிகளையும் அவ்வேளையில் இறக்கப் பழகினான். இறக்குவதற்கு விழித்தவன் வேறு பலவற்றையும் பார்ப்பான் என்பது சொல்லவேண்டியதில்லை. ஒன்றரை மணிக்கும் அவன் அறைக் கதவின் கீழ் நீல ஒளி தெரியும். பெட்டியிற் பெற்றோர் கட்டுப்பாடு என ஒரு பகுதி உண்டு. இன்ன கருவிக்கு இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை வழியில்லை என விதிக்கலாம். இரவு பதினொன்றரை முதல் காலை ஐந்து வரை அவனுடைய கைபேசிக்கு விதித்தேன். ஒளிவாக அன்று, அவன் முன்னிலையிலேயே.

அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இது நிக்காது" என்றான். கருவி ஒவ்வொன்றுக்கும் ஆலையில் இட்ட ஓர் அடையாள எண் உண்டு. விதி அவ்வெண்ணையே பற்றி நிற்கும். ஆனால் அண்மைக் காலக் கைபேசிகள், செல்லுமிடமெல்லாம் தம்மை ஒருவர் பின்தொடராதிருத்தற் பொருட்டு, உண்மை எண்ணை மறைத்துப் புனைந்த எண்ணொன்றைக் காட்டுகின்றன. அதனை மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றினால் விதி வழிதவறும். இதையெல்லாம் அவனே எனக்கு விளக்கினான். விளக்கியபின், அமைப்பைத் திறந்து உண்மை எண்ணையே காட்டும்படி தானே மாற்றினான். வினாத்தாள்களை இறக்குதற்குக் கூடத்துக் கணினியை நள்ளிரவிலே தானே இயங்குமாறு அமைத்து, தான் உறங்கச் செல்வதென்றும், கைபேசி புத்தகத் தட்டில் உறங்குவதென்றும் முடிவாயிற்று. அன்று அவன் கூறிய மற்றொன்று: "புது அட்மின் பாஸ்வேட்டை என்னட்டைச் சொல்லாதேங்கோ. சோதினை முடியட்டும்." நான் அதனைக் கேட்டிருக்கவில்லை.

அத்திறப்பு இப்போது என் பழைய பாடக்குறிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதப்பட்டு அலுமாரியில் உளது. மனைவிக்கு இடந் தெரியும். ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் ஆகாது. மறந்துவிட்டால், பெட்டியின் பின்புறத்தே குண்டூசி நுழையும் துளையொன்று உண்டு. பத்து விநாடி வரை அழுத்தினால் எல்லாம் அழிந்து, ஆலையிலிருந்து வந்த நாளின் நிலையை அடையும். ஆனால் இணைப்பு வழங்கியோர் இட்ட அமைப்புகளும் அவற்றோடு அழியக்கூடும். பின் அவர்களின் ஆள் வரும் வரை வீடு இருளும். ஆதலின், அத்துளையைக் கடைசி மருந்தாகவே கொள்க. பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியும் அங்கே உண்டு. செய்வது நன்று, செய்யும்போது மின்சாரம் நின்றாற் பெட்டி மீளாதுபோதலும் உண்டு என்பதனால், மின்வெட்டு அறிவித்த நாளிற் செய்யற்க.

இதனை எழுதும்போது மகனுடைய பரீட்சைக்கும் வேலிக்கப்பாற் பிள்ளையின் பரீட்சைக்கும் இன்னும் நாற்பது நாள்கள் உள. மாதந்தோறும் ஏதேனும் தந்துவிடுகிறேன் என்று பிள்ளையின் தாய் இருமுறை கேட்டார், வேண்டா என்றேன். வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு மேலாக ஒரு பிடி முருங்கைக்காய் வரும். அதனை மனைவி மறுப்பதில்லை.